காடிக்கு ஏற்ற சப்பாத்து



சப்பாத்து வாங்கக் கடைக்குப் போகிறோம். வேலைக்காட்டுக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று என்று பார்த்துத்தானே வாங்குகிறோம்? பந்து விளையாடுகிறவர்கள் போடும் குமிழ் வைத்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஈரமான சிமெண்டுத் தரையில் நடந்து பாருங்கள். சத்தமும் வரும், சறுக்கலும் வரும். காலுக்கு இவ்வளவு பார்க்கிற நாம், குடும்பத்தையே சுமந்து ஓடும் காடிக்கு டயர் வாங்கும்போது மட்டும் பார்வைக்கு முரட்டுத்தனமாக இருந்தால் போதும் என்று நினைக்கலாமா?

காரணத்தோடுதான் கேட்கிறேன். என் மருமகன் எஸ்.யு.வி. என்கிற உயரமான காடி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். பெரிய பெரிய கட்டைகளோடு சேற்றுக்காட்டு டயர் நான்கும் அதிலேயே இருந்தன. "மாமா, டயர் இன்னும் தேயவே இல்லை" என்று அவருக்குப் பெருமை. தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து பேராவுக்கு ஏழு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் இடது பின் டயர் வெடித்தது. மனிதர் பதறாமல், பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஸ்டீரிங்கைக் கெட்டியாகப் பிடித்து மெல்ல ஓரம் கட்டினார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் என் பேத்தி பல நாள் காடியில் ஏற மறுத்து அழுதாள்.

மறுநாள் அந்த டயரைத் திருப்பிப் பார்த்தேன். கட்டை தேயவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வயது ஒன்பது! பக்கவாட்டில் தலைமயிர் போல மெல்லிய வெடிப்புகள் சுற்றிலும் ஓடியிருந்தன. வெயிலிலும் காற்றிலும் கிடந்த ரப்பர் இறுகி, வெடித்து, பலம் இழக்கும் என்பதைப் பால்மரத்துக் காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? தெரிந்திருந்தும் பார்க்கத் தவறிவிட்டோம்.

முன்பெல்லாம் வடக்கே போக வேண்டுமானால் தோட்டங்களுக்கும் பட்டணங்களுக்கும் நடுவே வளைந்து நெளிந்து போகும் பழைய சாலைதான். வேகம் குறைவு, டயரில் குறை இருந்தாலும் ஓரளவு சமாளித்துவிடலாம். 1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. 110 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்காக ஓடுகிறோம். அந்த வேகத்தில் டயர் சூடேறும். திடீரென்று கொட்டும் மழையில், சாலையில் தேங்கிய நீரை அது பிளந்து தள்ளவும் வேண்டும். நம் காடியை ரோட்டோடு பிடித்து வைத்திருப்பது, ஒவ்வொரு டயரின் அடியிலும் ஏறக்குறைய ஒரு கை அகலமுள்ள ரப்பர்தான்!

உயரமான காடிகளுக்கான டயர்களைக் கடையில் மூன்று வகையாகப் பிரிப்பார்கள். எச்/டி என்பது தார்ச்சாலைக்கு உரியது. ஏ/டி என்பது தாருக்கும் மண்ணுக்கும் பொது. எம்/டி என்பது சேற்றுக்கு உரியது. சேற்று டயரில் கட்டைகளுக்கு இடையே பெரிய இடைவெளி இருக்கும். சேறு வெளியே விழுவதற்கு அது நல்லது. தார்ச்சாலையிலோ தரையைத் தொடும் ரப்பர் குறைந்துவிடுகிறது. இரைச்சல் அதிகம், எண்ணெய்ச் செலவு அதிகம், ஈரத்தில் பிடிப்புக் குறைவு. எச்/டி டயரில் நெருக்கமான கட்டைகளும், நீர் ஓடுவதற்கு நீளமான வரிகளும் இருக்கும். அமைதியாக ஓடும்.

"எங்கள் தோட்டத்தில் ஒரு மைல் செம்மண் சாலை இருக்கிறதே, என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைல் மண்ணுக்காக இருநூறு மைல் தாரில் துன்பப்படலாமா? காய்ந்த செம்மண்ணில் எச்/டி டயர் மெதுவாகத் தாராளமாகப் போகும். நாள்தோறும் மழையிலும் செம்பனைக் காட்டுக்குள் போய் வருகிறவர் என்றால் ஏ/டி எடுங்கள், அது நியாயம். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு எச்/டி போதும்.

அடுத்து, டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைப் படிக்கப் பழகுவோம். சகோதரிகளே, இதற்குப் பட்டறைக்காரர் தேவையில்லை, நீங்களும் பார்க்கலாம். 225/65 ஆர் 17 102 எச் என்று இருந்தால், அகலம் 225 மில்லிமீட்டர். பக்கத்தின் உயரம் அதில் 65 விழுக்காடு. ரிம் 17 அங்குலம். 102 என்பது சுமைக் குறி: ஒரு டயர் 850 கிலோ தாங்கும். எச் என்பது வேகக் குறி: 210 கிலோமீட்டர் வரை. அவ்வளவு வேகம் நாம் போகப்போவதில்லை. ஆனாலும் சுமைக் குறியோ வேகக் குறியோ காடிக்கு நிர்ணயித்ததைவிடக் குறைந்த டயரை, மலிவு என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். ஏழு பேர் ஏறும் காடிக்கு இது மிகவும் முக்கியம்.

வயதைக் காட்டுவது நான்கு இலக்க எண். 1224 என்றால் 2024ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது. புது டயர் வாங்கும்போதும் இதைப் பாருங்கள். கடையிலேயே பல ஆண்டு கிடந்த டயர் நமக்கு எதற்கு? ஐந்து ஆண்டு ஆனதும் ஆண்டுக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். கட்டை எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டைத் தாண்ட விடாதீர்கள். மாற்று டயருக்கும் இதே கணக்குதான்.

தேய்மானத்தை அறிவதும் எளிது. வரிகளுக்குள்ளே சிறு மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். கட்டை அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழையில் அது தண்ணீரின் மேல் மிதக்கும். பிரேக் பிடித்தாலும் நிற்காது.

நான்கையும் ஒரே சமயத்தில் மாற்ற வசதி இல்லையா? ஒரே அச்சுக்கு இரண்டாக மாற்றுங்கள். புதிய இரண்டையும் பின்பக்கம் போடச் சொல்லுங்கள். ஈரச் சாலையில் பின்பக்கம் அலைவதுதான் அடக்க முடியாதது. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் காடி என்றால் மட்டும் நான்கையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.

கடைசியாக, காசு செலவில்லாத ஒன்று: காற்று. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அந்தச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் மேல் உள்ள எண்ணை நம்பி அடிக்காதீர்கள்; அது உச்ச அளவு. காடி ஓடிச் சூடேறும் முன்பு அளக்க வேண்டும். ஆளும் சுமையும் நிறைந்தால் அதற்கென்று தனி அளவு அங்கேயே போட்டிருக்கும். காற்றுக் குறைந்த டயர் சுருண்டு சுருண்டு விரிந்து, சூடாகி, வெடிக்கும். என் மருமகனின் டயரில் வயதும் இருந்தது, பாரமும் இருந்தது. கிளம்பும் முன் காற்றை யாரும் பார்க்கவில்லை.

டயரில் செயற்கை ரப்பரோடு இயற்கை ரப்பரும் இருக்கிறது. உராய்விலும் அசைவிலும் அதிகம் சூடேறாத குணம் மரத்துப் பாலுக்கு உண்டு. அதனால்தான் லாரி டயரிலும் விமான டயரிலும் அதன் பங்கு அதிகம். இருட்டோடு எழுந்து, கொசுக்கடியில் மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் சேர்த்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். அந்த ரப்பரின் மேல்தான் இன்று நம் பிள்ளைகள் ஊர் வந்து திரும்புகிறார்கள்.

அடுத்த முறை பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து காடியை வாசலில் நிறுத்தியதும், காப்பி கொடுத்துவிட்டு, குனிந்து அந்த நான்கு எண்ணைப் படியுங்கள். பழையதாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.