தீர்ப்புக்கு முன்பே தண்டிக்கப்படும் பிள்ளைகள்

கொடைக்கானல் மலையில் கைதாகும் பெண்கள் பெரும்பாலும் நிலக்கோட்டை பெண்கள் சிறையில் அடைக்கப்படுகின்றனர். ஆண்கள் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ கொண்டுசெல்லப்படுகின்றனர். கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு மலைச்சாலை வழியே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மேல்மலையின் மன்னவனூரிலிருந்தும் கூக்காலிலிருந்தும் புறப்படுவோருக்கு இன்னும் தொலைவு. தோட்டக் கூலியான ஒரு பாட்டி, பேரப்பிள்ளையை அழைத்துக்கொண்டு மனு பார்த்துத் திரும்புவதற்குள் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் பிள்ளையின் ஒரு பள்ளி நாளும் போய்விடுகின்றன. நீதிமன்றம் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. பிள்ளையின் தண்டனையோ தொடங்கிவிட்டது.

யாருடைய பிள்ளைகள் இவர்கள்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருப்போரில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக உள்ள பட்டியல் சாதியினர், 2019ஆம் ஆண்டுக் கணக்கில் விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ 21 விழுக்காடாக இருந்தனர். பிணைக்கு ஆள் தர நிலமும், வழக்குரைஞருக்குத் தரப் பணமும் இல்லாதவர்களே நெடுநாள் உள்ளே கிடக்கின்றனர். பழனி மலைத்தொடரின் புலையர், பளியர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதைப் புள்ளிவிவரம் கொண்டு விளக்கத் தேவையில்லை.

2022ஆம் ஆண்டு இறுதியில் 1,537 தாய்மார்களுடன் 1,764 குழந்தைகள் சிறைகளுக்குள் இருந்தனர். வெளியே விடப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த அறிக்கையில் ஒரு பத்திகூட ஒதுக்கப்படவில்லை. எண்ணப்படாதவர்களுக்குத் திட்டமும் இருப்பதில்லை.

ஆனால் ஊர் அவர்களை நன்றாகவே எண்ணி வைத்திருக்கிறது. கைதானவரை நிறுத்தி எடுத்த படம் அன்று மாலையே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது; மறுநாள் வகுப்பறையில் பிள்ளைக்குப் புதுப்பெயர் காத்திருக்கிறது. சேரிப் பிள்ளை என்ற பழைய இழிவின் மேல் ‘ஜெயிலுக்குப் போனவன் பிள்ளை’ என்ற இழிவும் ஏறுகிறது. இரண்டுக்கும் தருக்கம் ஒன்றே: பிறப்பே குற்றம். குற்றப்பரம்பரைச் சட்டத்தின் 1897ஆம் ஆண்டுத் திருத்தம், நான்கு வயதுச் சிறுவனையும் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்க வழிசெய்தது. சட்டம் 1952இல் நாடு முழுவதும் ஒழிந்தது. அதன் மனப்பான்மை ஒழியவில்லை.

நீதிமன்றங்கள் இத்தருக்கத்தை மறுத்துள்ளன. 2006ஆம் ஆண்டு ஆர்.டி. உபாத்யாய் வழக்கில், சிறையில் பிறக்கும் குழந்தையின் பிறப்புப் பதிவில் சிறை இடம்பெறக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2007இல் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம், பிள்ளையை வளர்க்கும் தாய்க்குத் தண்டனை விதிக்கும்முன் அப்பிள்ளையின் நலனைத் தனியே எடைபோட வேண்டும் என்றது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், கைதிகளின் பதிவேடுகளில் சாதிக்கென இருந்த பத்தியையே நீக்க ஆணையிட்டது நம் உச்ச நீதிமன்றம். சிறைப் பதிவேட்டில் அழிந்த சாதி, பள்ளிக்கூடத்தின் வாய்ச்சொல்லில் இன்னும் அழியவில்லை.

இத்தனையையும் தாண்டிப் படித்து மேலே வரும் பிள்ளைகளை நாம் பாராட்டுகிறோம். அவர்களின் மீண்டெழும் ஆற்றலை வியக்கிறோம். அந்த வியப்பில் ஓர் ஆபத்து உண்டு: மீண்டெழாத பிள்ளையின் மீது பழி விழுகிறது. ஆற்றல் கருவிலேயே வந்ததன்று. கைவிடாத ஒரு பாட்டி, பெயர் சொல்லி மட்டுமே அழைக்கும் ஓர் ஆசிரியர், மாதமொருமுறை அப்பாவின் முகம், அடுத்த வேளைச் சோற்றுக்கான உறுதி ஆகியவற்றால் கட்டப்படுவது அது. இவற்றுள் எதையும் பிள்ளை தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது.

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பெற்றோரில் ஒருவரை இழந்து, மற்றவரும் சிறையிலிருக்கும் பிள்ளையை அது ஏற்கிறது, வரவேற்கிறோம். ஆனால் தாய் கூலிக்குப் போக, தந்தை விசாரணைக் கைதியாக இருக்கும் பிள்ளை அதன் வரையறைக்கு வெளியே நிற்கிறது. மலையில் அத்தகைய பிள்ளைகளே மிகுதி. அவ்வரையறை விரிவாக்கப்பட வேண்டும். கைது செய்யும்போதே வீட்டில் பிள்ளைகள் உண்டா என்று கேட்டுப் பதிவு செய்வதும், மனு பார்க்க வரும் குடும்பத்துக்குப் பயணச் செலவு தருவதும், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவரின் படத்தைப் பரப்பாதிருப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

இயக்கத் தோழர்களும் மாணவர்களும் செய்யக்கூடியதும் உண்டு. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது. மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களும் வேறு சில வழக்குகளும் விலக்கு. தகுதியுள்ளவர் யார் என்று கணக்கிட்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொண்டுசெல்வோம். அப்படி வீடு திரும்பும் ஒவ்வொரு தாயோடும் தந்தையோடும், நாம் பெயர் அறியாத ஒரு பிள்ளையின் தண்டனையும் முடிகிறது.