வெள்ளம் வந்த பிறகா படகு தேடுவது?

சமுதாய இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் கொட்டிய மழை 95 சென்டி மீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. தாமிரபரணி கரைபுரண்டது. குளங்கள் உடைந்தன. ஏரல் கடைவீதிக்குள் ஆறு புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கித் தவித்தார்கள். தண்ணீர் முழுவதும் வடிவதற்குள் டெல்லியும் சென்னையும் என்ன செய்தன தெரியுமா? எச்சரிக்கை ஒழுங்காக வந்ததா, வரவில்லையா என்று பட்டிமன்றம் நடத்தின!

ஆட்சியாளர்களைக் கேட்க வேண்டியதைக் கேட்போம். அதற்கு முன் உங்களைக் கேட்கிறோம். வெள்ளம் என்றதும் நம் மஹல்லாவில் நடப்பது என்ன? தேக்சா அடுப்பில் ஏறுகிறது. உணவுப் பொட்டலம், பிரெட், போர்வை தயாராகின்றன. பள்ளிவாசல் கதவைத் திறந்து எல்லா மதத்தவரையும் தங்க வைக்கிறோம். நல்லது, அல்லாஹ் கூலி தருவான். ஆனால் மொட்டை மாடியில் தவிக்கும் கர்ப்பிணியிடம் அந்தப் பொட்டலத்தை எப்படிக் கொண்டு போவீர்கள்? இன்சுலின் தீர்ந்துபோன முதியவரை எதில் ஏற்றி வருவீர்கள்? கழுத்தளவு தண்ணீரில் நடந்தா?

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது மீனவர்கள் 669 படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு வந்தார்கள். அவர்கள் மீட்ட உயிர்கள் குறைந்தது 65,000 என்பது அரசுக் கணக்கு. தானூரைச் சேர்ந்த முஸ்லிம் மீனவர் ஒருவர் தண்ணீரில் மண்டியிட்டுத் தன் முதுகைப் படியாக்கிப் பெண்களைப் படகில் ஏற்றிய காட்சியை நாடே பார்த்தது. நாமும் பெருமைப்பட்டோம்.

அதே தானூர்தான்! 2023 மே 7 அன்று அங்கே முகத்துவாரத்தில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். ஒரே குடும்பத்தில் 11 பேர். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, தாங்கக்கூடியதற்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். அன்று வெள்ளம்கூட இல்லை. வீரம் ஒரு பக்கம் இருக்கட்டும். முறையில்லாமல் ஆளேற்றினால் அமைதியான தண்ணீரே கொல்லும் என்றால், சீறி வரும் வெள்ளம் என்ன செய்யும்?

கடலில் இருபது வருடம் படகு ஓட்டியவரும் ஊருக்குள் புகுந்த ஆற்றில் தடுமாறுவார். தெருத் தண்ணீருக்கு அடியில் மதில் சுவர் இருக்கும், நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள் இருக்கும், முள்கம்பி இருக்கும். எஞ்சின் விசிறி அதில் பட்டால் தீர்ந்தது. சேலையும் பிளாஸ்டிக் பையும் சுற்றினாலும் அதே கதிதான். எனவே தெருவுக்குள் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றிப் போக வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்யாமல் தாழ்ந்து தொங்கும் கம்பிகளுக்கு இடையே நுழையக் கூடாது. பாலத் தூணுக்கு மேல்புறம் படகு குறுக்கே திரும்பிவிட்டால் நீரோட்டம் அதைத் தூணோடு அழுத்திக் கவிழ்த்துவிடும். ஒரு வீட்டை நெருங்கும்போது முகப்பு நீரோட்டத்தை எதிர்த்து இருக்க வேண்டும். கீழ்ப்புறமிருந்து மெதுவாக மேலேற வேண்டும். பதற்றத்தில் எல்லோரும் ஒரே பக்கம் பாய்ந்தால் படகு புரளும். இறங்கி நின்று படகை இழுப்பவருக்கோ திறந்த கிணறும் மூடியில்லாத சாக்கடையும் மரணக் குழி.

இதையெல்லாம் வெள்ளத்தன்று கற்றுக்கொள்ள முடியுமா? மழை பிடித்த பிறகா நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டத் தொடங்கினார்கள்? கேலி செய்த கூட்டத்தின் நடுவே, காய்ந்த தரையில் அல்லவா கட்டினார்கள்! "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டு உட்காருவது தவக்குல் அல்ல. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டவரைத் திருத்திய நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

இளைஞர்களே, சுக்கான் பிடிப்பது மீனவச் சகோதரரின் வேலை. அவர் முஸ்லிமோ, கிறிஸ்தவரோ, இந்துவோ, அவர் கைப்பழக்கம் உங்களுக்கு வராது. உங்கள் வேலை வேறு. எது சாலை, எது ஓடை, எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் நோயாளி என்று வெளியூர்ப் படகோட்டிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெருத்தெருவாகப் போய் இப்போதே எழுதி வையுங்கள். நீந்தவும், கயிறு வீசவும், உயிர்காப்பு உடையைச் சரியாகக் கட்டவும் பழகுங்கள். செல்ஃபி எடுக்க ஒருவர் படகில் ஏறினால் ஒரு நோயாளிக்கு இடம் போயிற்று!

வணிகர்களே, மேளாவுக்கும் மாநாட்டுப் பந்தலுக்கும் தாராளமாகக் கொடுக்கிறீர்கள். தரைதட்டாத ஒரு தட்டைப் படகு, சிறிய எஞ்சின், இருபது உயிர்காப்பு உடை, நல்ல கயிறு. ஆற்றங்கரை ஊர்க் கடைவீதி முழுவதும் சேர்ந்து போட்டால் தாங்க முடியாத செலவா இது? சரக்குக்கு இன்சூரன்ஸ் கட்டுகிறீர்கள், சரி. கடைப் பையனின் உயிருக்கு?

அரசுக்கும் சொல்கிறோம். தாலுகா வாரியாகப் படகுகளின் பட்டியல் எங்கே? அழைத்தவுடன் அவற்றை ஏற்ற லாரி எங்கே? சுவரில் மோதி எஞ்சின் உடைந்தால் ஏழை மீனவனுக்கு யார் ஈடு தருவது? கேரள அரசு படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் அறிவித்தது. கொச்சி மீனவ இளைஞர் ஒருவர் உயிர் காத்ததற்குக் காசு வேண்டாம் என்றார். அது அவருடைய பெருந்தன்மை. ஏழையின் பெருந்தன்மையைக் காட்டி அரசு தன் கடமையைத் தட்டிக் கழிக்கக் கூடாது!

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். வரும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். முத்தவல்லியையும் கடைவீதிச் சங்கத் தலைவரையும் ஒன்றாக உட்கார வைத்து, நம் மஹல்லாவின் படகு எங்கே, அதை ஓட்டப்போவது யார் என்று கேளுங்கள். பதிலைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.