மீட்டரைத் திருப்பலாம், கணக்கைத் திருப்ப முடியுமா?



இறைச்சிக் கடையில் அறுத்தவர் யார் என்று விசாரிக்கிறோம். பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பி, எதன் கொழுப்பு சேர்ந்துள்ளது என்று படிக்கிறோம். வட்டிக் கடன் வேண்டாம் என்று பல ஆண்டுகள் பொறுத்திருந்து, நகையை விற்று, ரொக்கம் சேர்த்துப் பழைய சியாஸோ, சிட்டியோ, வெர்னாவோ வாங்குகிறோம். இவ்வளவு பேணுதல் உள்ள நாம், அதே காரை விற்கும் நாளில் மட்டும் அந்தப் பேணுதலை எங்கே வைத்துவிடுகிறோம்?

நமக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். வயது முதிர்ந்த தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு கார் தேவைப்பட்டது. ஜும்ஆவில் நம்முடன் ஒரே ஸஃப்பில் நிற்கும் ஒருவர், தம் டீசல் செடானை விற்பதாகச் சொன்னார். மீட்டரில் 58,000 கிலோமீட்டர். ஆனால் பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பர் வழுவழுவெனத் தேய்ந்திருந்தது. ஸ்டியரிங் தோல் பளபளத்தது. சேஸிஸ் எண்ணைக் கொண்டு சர்வீஸ் பதிவைப் பார்த்தபோது, மூன்றாண்டுகளுக்கு முன்பே அந்த வண்டி 1,26,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது தெரிந்தது. கேட்டோம். “சந்தையில் எல்லோரும் செய்வதுதானே ஹஜ்ரத்” என்றார்.

நாம் வாங்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. ஒரு முஸ்லிமின் குறையை ஏன் வெளியில் பேச வேண்டும் என்று எண்ணி, அதையே தக்வா என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். இரண்டு மாதம் கழித்து, வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய ஒரு சகோதரர் அதே வண்டியை, அதே 58,000 என்ற மீட்டரை நம்பி வாங்கினார். வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பது அவர் திட்டம். கிளட்சும் டர்போவும் அடுத்தடுத்துப் போயின. கையிருப்பு முழுதும் ஒர்க்‌ஷாப்பில் கரைந்த பின், மதரஸா வாசலில் வந்து நின்று அவர் கேட்டது ஒன்றே: “ஹஜ்ரத், உங்களுக்கு முன்னமே தெரியுமாமே?”

அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

“எல்லோரும் செய்கிறார்கள்” என்பது முதல் சாக்கு. மதீனாவின் கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததாக வணிகர் சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). அங்கே தானியம் நனைந்தது மழையால். குற்றம் அதை மறைத்ததே. இங்கோ மடிக்கணினியை இணைத்து மீட்டரைக் குறைப்பது நம் கையே. இது மறைப்பு மட்டுமன்று, பொய்ச்சாட்சியும் ஆகும்.

“உள்ளது உள்ளபடி விற்கிறேன், பார்த்து வாங்குவது அவர் பொறுப்பு” என்பது இரண்டாவது சாக்கு. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையுடன் ஓர் அடிமையை விற்றார்கள். அவருக்கு நோய் இருந்ததாக வாங்கியவர் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். நிபந்தனை இருக்கிறதே என்று கலீஃபா விட்டுவிடவில்லை. விற்கும்போது அந்த நோய் தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யுமாறு கேட்டார்கள். இப்னு உமர் அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, விற்றதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முவத்தாவில் பதிவான நிகழ்வு இது. தெரிந்த குறையை மறைத்துவிட்டு ‘உள்ளது உள்ளபடி’ என்ற சொல்லுக்குப் பின் ஒளிந்துகொள்பவர்கள், அப்படியொரு சத்தியத்திற்குத் துணிவார்களா?

“இடையில் நமக்கென்ன?” என்பது மூன்றாவது. அது நம்முடைய சாக்கு. ஒருவர் ஒட்டகம் வாங்கிச் செல்வதைக் கண்ட வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் பின்தொடர்ந்து, இறைச்சிக்கா, பயணத்திற்கா என்று வினவினார்கள். பயணத்திற்கு என்றதும், அதன் குளம்பில் துளை இருப்பதைச் சொன்னார்கள். வியாபாரம் கெட்டதென விற்றவர் வருந்தியபோது, குறையை அறிந்தவர் அதைச் சொல்லாதிருப்பது ஆகாது என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். ஏமாறவிருப்பவரை எச்சரிப்பது புறம் ஆகாது என்று இமாம் நவவீ அவர்களும் தெளிவுபடுத்தியுள்ளார்கள். இதையெல்லாம் பாடமாக நடத்துகிற நாமே மௌனமாக இருந்தோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

ஆகவே விற்பவர் கேளாமலே சொல்ல வேண்டியவை உண்டு. ஓடிய உண்மைத் தூரம், விபத்தில் அடிபட்டு மாற்றிய பாகங்கள், எஞ்சினைப் பிரித்த விவரம், வெள்ளத்தில் மூழ்கிய வரலாறு ஆகியவற்றை மறைத்துப் பெறும் கூடுதல் விலை ஹலால் ஆகாது. 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பதை நாம் மறக்கவில்லை.

வாங்குபவரும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிநுனியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளம் கண்ட வண்டியாக இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. நல்ல வண்டியையும் வேண்டுமென்றே குறைகூறி விலையைக் குறைப்பது வாங்குபவர் செய்யும் அநீதி என்பதையும் மறவாதீர்கள்.

பணம் கைமாறியதும் 29, 30ஆம் எண் படிவங்களைக் கொடுத்துப் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். பதிவுச் சான்றில் பெயர் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. பெயர் மாற்றாமல் ஓட்டுவது, விற்ற சகோதரரின் தலையில் நம் சுமையை ஏற்றுவதாகும்.

வாங்கிய பின் பராமரிப்பும் அமானத்தே. அலாய் வீலுக்கும் ஸ்பீக்கருக்கும் செலவிடுபவர், தேய்ந்த பிரேக் பேடுடன் மனைவி மக்களை ஏற்றிச் செல்கிறார். எஞ்சின் ஆயிலை நிறுவனக் கையேடு சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு அது பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது. பிரேக் ஆயிலையும் கூலன்ட்டையும் மறவாதீர்கள். ஒவ்வொரு பில்லையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். அந்தக் கோப்பை நிமிர்ந்து நின்று நீட்டக்கூடியவருக்கு, விற்கும் நாளில் மீட்டரைத் தொடும் தேவை இராது.

அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டோம். விற்றவரிடம் அவரையும் அழைத்துச் சென்று பேசினோம்; ஒரு பகுதித் தொகை திரும்பியது. மீதிக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மீட்டரில் அழித்த கிலோமீட்டர்கள் அல்லாஹ்விடம் அழிவதில்லை. நம் வியாபாரத்தில் உண்மையையும், உண்மையைச் சொல்லும் துணிவையும் நம் அனைவருக்கும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.