ஸ்டாம்பும் குடும்ப ரகசியமும்

விரல் நகத்தை விடச் சிறிய காகிதத் துண்டு. கேரளத்தில் அதற்கு ‘ஸ்டாம்ப்’ என்று பெயர். அதில் ஊறியிருப்பது எல்.எஸ்.டி. ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு உள்ளே போனால் போதும், பல மணி நேரத்துக்குச் சுவர்கள் நெளியும், நிறங்கள் உருகும். இதன் வீரியம் சட்டத்துக்கும் தெரியும். கஞ்சா என்றால் 20 கிலோ இருந்தால்தான் ‘வணிக அளவு’. எல்.எஸ்.டி.க்கு 0.1 கிராமே அந்த அளவு. இரண்டுக்கும் குறைந்தபட்ச தண்டனை 10 ஆண்டு சிறை.

பிள்ளைகளைத் திருவனந்தபுரத்துக்குப் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோரின் கவலை வேறு. ஒரே ஒரு தடவை எடுத்தாலும் மூளை காலத்துக்கும் கெட்டுவிடுமா?

மூளையில் ஓட்டை விழும் என்பது வெறும் பயமுறுத்தல். அதற்குச் சான்று இல்லை. ஒன்றும் ஆகாது என்று நண்பர்கள் சொல்வதும் உண்மையல்ல. எல்.எஸ்.டி.யும் போதைக் காளானில் உள்ள சைலோசைபினும் மூளையில் செரடோனின் என்ற ரசாயனத்துக்கான இடங்களில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. யோசிப்பதற்கும் நிதானிப்பதற்கும் பொறுப்பான முன்மூளையில் இந்த இடங்கள் அதிகம். அந்த முன்மூளை முழு வளர்ச்சி பெற 25 வயது வரை ஆகிறது. பதினாறு வயதில் அது பாதி கட்டிய வீடு.

போதை தெளிந்து மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் சிலருக்குப் பார்வையில் கோளாறு தொடர்கிறது. விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், நகரும் பொருளின் பின்னால் வால் போல் ஒரு நிழல். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1987லேயே இதை ஒரு நோயாகச் சேர்த்துவிட்டது.

அதைவிடப் பெரிய பயம் மனநோய். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இத்தகைய போதையால் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் மனச்சிதைவு வகை நோய் கண்டறியப்பட்டதாக 2024ல் வெளியான ஆய்வு சொன்னது. போதைதான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. அதே ஆண்டு வெளியான ஸ்வீடன் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பரம்பரையிலேயே மனநோய்க்கான வாய்ப்பு அதிகமுள்ள இளைஞர்கள் இவற்றை எடுத்தால், தலைகால் புரியாத பித்துநிலையின் அறிகுறிகள் அதிகம்.

மனச்சோர்வுக்கு சைலோசைபினை மருந்தாகச் சோதித்துப் பார்க்கும் வெளிநாட்டு டாக்டர்களும் இதை அறிவார்கள். அவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: வயது என்ன? குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா? வயது குறைவு என்றாலோ, நெருங்கிய ரத்த உறவில் மனச்சிதைவு உண்டு என்றாலோ பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை.

இந்த இரண்டாவது கேள்விக்கு நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு விடை தெரியும்? சென்னையில் கீழ்ப்பாக்கம் போல, திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை என்பது ஊர்ப் பெயராக இல்லை, கேலிச் சொல்லாகிவிட்டது. அங்குள்ள அரசு மனநல மருத்துவமனையின் சரித்திரம் 1870ல் தொடங்குகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், சித்தப்பா அங்கே சிகிச்சை பெற்றார் என்றால் வீட்டில் குரல் தாழ்கிறது. பெண்ணுக்கு வரன் அமையாது என்று மூடி மறைக்கிறோம். சர்க்கரை வியாதியைப் பற்றி மட்டும் தாத்தா காலத்திலிருந்து கதை சொல்கிறோம்.

கேரள எக்சைஸ் துறை 2016 முதல் ‘விமுக்தி’ என்ற போதை எதிர்ப்பு இயக்கத்தை நடத்துகிறது. போலீசும் சோதனை போடுகிறது. ஆனால் ஒரு பையனின் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்பதை எந்த அதிகாரியாலும் அவனிடம் சொல்ல முடியாது. அது அப்பாவும் அம்மாவும் செய்ய வேண்டிய வேலை.

பிள்ளை திடீரென்று தூக்கத்தை விட்டான், யாரோ துரத்துவதாகச் சொல்கிறான் என்றால் மந்திரவாதியைத் தேடிக் காலத்தைக் கடத்த வேண்டாம். 14416 என்ற மத்திய அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் முன்னால், ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டும்போதே சித்தப்பாவின் கதையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.