பணம் யார் கையில் தருவது?

"பொம்பளைங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் ஓசியில தர்றாங்க, நாடு எப்படி உருப்படும்?" 2023 செப்டம்பர் 15-ம் தேதி காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். அன்றிலிருந்து பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மூன்றாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டே ஒருவர் "ஓசி" பற்றிப் பேசினால் சிரிப்புதான் வருகிறது.

இவர்களுக்குப் பதிலாக நான் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் கதையைச் சொல்வது வழக்கம். பெயர் எலினார் ராத்போன். பிறந்தது 1872-ல். லிவர்பூல் துறைமுகத்தில் பெரிய வியாபாரக் குடும்பம், அப்பா பார்லிமென்ட் உறுப்பினர். ஆக்ஸ்போர்டில் தத்துவம் படித்தார். ஆனால் படிப்பை முடித்தும் பட்டம் தரவில்லை. அங்கே பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 1920-ல்தான்!

வசதியான வீட்டுப் பெண், பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். இவரோ துறைமுகக் கூலிகளின் வீடுகளில் ஏறி இறங்கினார். அந்தக் கூலிகளுக்கு அன்றன்றைக்கு ஆள் பொறுக்கினால்தான் வேலை. இந்த வாரம் கையில் என்ன வரும் என்று வீட்டுக்காரிக்குத் தெரியாது. வாடகை, ரொட்டி, அடகுக் கடை எல்லாம் அவள் தலையில். இதையெல்லாம் விசாரித்து எழுதினார். 1909-ல் லிவர்பூல் நகரசபைக்குச் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். அந்த நகரசபையின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டும் போராடிக்கொண்டிருந்தார்.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. சண்டைக்குப் போன சிப்பாய்களின் மனைவிமாருக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. பிள்ளைகள் அதிகம் என்றால் தொகையும் அதிகம். லிவர்பூலில் இந்தக் குடும்பங்களைக் கவனிக்கும் பொறுப்பு ராத்போனுக்கு வந்தது. அப்போதும் ஊர் என்ன பேசியது தெரியுமா? "அந்தப் பணத்தில் பொம்பளைங்க குடிக்கிறாங்க" என்று! போலீஸை விட்டுக் கண்காணிக்கிற அளவுக்குப் போனார்கள். இங்கே "சீரியல் பார்க்க கேபிளுக்குக் கட்டுவாங்க, புடவை வாங்குவாங்க" என்கிறார்கள். ஊர்தான் வேறே.

ஆனால் ராத்போன் கண்ணால் கண்டது வேறு. வாராவாரம் தவறாமல் பணம் கைக்கு வந்ததும் அந்த வீட்டுக் குழந்தைகள் தேறினார்கள். இதிலிருந்துதான் அவர் வாதம் பிறந்தது. கல்யாணம் ஆகாதவனுக்கும் ஐந்து பிள்ளை பெற்றவனுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி. கூலி வேலையைப் பார்த்துத் தருவது, வாய்களை எண்ணித் தருவது அல்ல. பிள்ளை வளர்க்கிறவள் நாட்டுக்குத்தான் வேலை செய்கிறாள், அதற்கு நாடு அவள் கையில் தரட்டும் என்றார். 1917-ல் இதற்காக ஒரு குழு சேர்த்தார். 1924-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

எதிர்ப்பு எங்கிருந்தெல்லாம் வந்தது பாருங்கள். கூலி குறைந்துவிடும் என்று தொழிற்சங்கத்தார் பயந்தார்கள். கூட இருந்த பெண்களிலேயே சிலர், சம உரிமை கேட்கிற சங்கத்துக்கு இது எதற்கு என்று 1927-ல் விலகிப் போனார்கள். அடுப்படியைப் பற்றிப் பேசினால் அது பெண்ணுரிமை இல்லை என்று நினைக்கிறவர்கள் அப்போதும் இருந்திருக்கிறார்கள்.

1929-ல் அவர் பார்லிமென்டுக்குப் போனார், எந்தக் கட்சியிலும் சேராமல், பல்கலைக்கழகங்களின் தொகுதியிலிருந்து. அதே வருஷம் நம் நாட்டுப் பெண்களின் நிலையைப் பேச லண்டனில் ஒரு மாநாடும் கூட்டினார். நம்மைப் பற்றி வெள்ளைக்காரப் பெண்கள் மேடை போட்டுப் பேசுவதா என்று தன்வந்தி ராமராவ் அங்கேயே ஆட்சேபித்தார். அந்த அம்மையார் நம் சென்னையில் படித்தவர், குயீன் மேரீஸ் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அவர் கேட்டது நியாயம்தான். ராத்போனிடம் பெரியம்மா தோரணை இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் 1945-ல் அவர் செய்த காரியத்துக்கு நான் கை கூப்புவேன். குடும்பப்படி மசோதா கடைசியில் சபைக்கு வந்தது. இரண்டாவது குழந்தையிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். மசோதாவைப் பிரித்துப் பார்த்தால், பணம் தகப்பனுக்கு உரியது என்று போட்டிருந்தது! இருபத்தெட்டு வருஷம் பாடுபட்டவர், வயது எழுபத்திரண்டு. "ஏதோ வந்ததே போதும்" என்று இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ எழுந்து நின்று, தாய்க்குத் தராவிட்டால் இந்த மசோதாவுக்கு நானே ஓட்டுப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மற்றப் பெண் உறுப்பினர்களும் கட்சி பாராமல் அவர் பக்கம் நின்றார்கள். கடைசியில் கட்சிக் கட்டளை இல்லாமல் அவரவர் இஷ்டப்படி ஓட்டுப் போடலாம் என்று அரசாங்கம் விட்டது. தாய்க்கே பணம் என்று சட்டம் திருந்தியது.

தெருவில் போராடும்போது "கொடு" என்று கேட்டால் போதும். சபைக்குள்ளே போனால் ஒரு வார்த்தை எங்கே மாறிக் கிடக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிற பெண் உறுப்பினர்களில் எத்தனை பேர், தாங்கள் ஆதரிக்கும் மசோதாவிலேயே இது சரியில்லை என்று எழுந்து சொல்கிறார்கள்? கட்சித் தலைமை விட்டால்தானே என்பீர்கள். அதுவும் நிஜம்தான். ராத்போனுக்கு அந்தத் தளை இல்லை.

1946 ஆகஸ்ட் 6-ம் தேதி அங்கே தபால் ஆபீஸ்களில் தாய்மார்கள் முதல் பணத்தை வாங்கினார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை, அந்த ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். முதல் குழந்தைக்கும் பணம் கிடைக்க 1977 வரை ஆயிற்று.

நம் திட்டத்துக்கு "உதவி" என்று பெயர் வைக்காமல் "உரிமை" என்று வைத்தது எனக்குப் பிடித்தது. தொடங்கியபோதே ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில் பணம் போனது. கணக்கு அவள் பெயரில் சரி. ஏ.டி.எம். கார்டு? எங்கள் தெருவில் நான்கைந்து வீட்டில் அது வீட்டுக்காரர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. "அவரே எடுத்துக் கொடுத்திடுவாருக்கா, எனக்கு அந்த மெஷின் எல்லாம் தெரியாது" என்கிறார்கள். அடுத்த மாதம் 15-ம் தேதி அவர்களைக் கூட்டிக்கொண்டு மெஷினுக்குப் போவதாக இருக்கிறேன். வாசகிகள் தங்கள் தெருவில் எப்படி என்று எழுதுங்களேன்.