யாருடைய அமைதி?

அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மதச் சுதந்திரம் தருகிறதாம். திருத்தங்கல்ல பட்டாசு ஆபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போற எங்க சனம் ஒரு தகரக் கொட்டகை போட்டு ஜெபம் பண்ணணும்னா, அந்தச் சுதந்திரம் கலெக்டர் மேசையில் கிடக்கிறது. 1972-ன் நகராட்சிக் கட்டட விதி, 1997-ன் ஊராட்சிக் கட்டட விதி, ரெண்டிலும் ஒரே ஷரத்து எழுதினார்கள்: வழிபாட்டுக் கட்டடத்துக்குக் கலெக்டரின் முன்அனுமதி வேண்டும், பொது அமைதி கெடும் என்று அவர் நினைத்தால் மறுக்கலாம்.

யார் கெடுப்பது? ஜெபம் பண்ண வந்தவள் கையில் கம்பு இல்லை. 'இங்க ஜெபக்கூடம் வந்தா கலவரம் வரும்' என்று மனுக் கொடுக்கிறவன்தான் கலவரம் பண்ணப் போகிறவன். அவனைப் பிடிக்க வேண்டிய அதிகாரம் நம்ம கதவைப் பூட்டச் சொல்கிறது. மிரட்டினவன் சொல்லே உத்தரவாகிவிடுகிறது.

விதி எல்லா மதத்துக்கும் பொதுதானே என்பார்கள். பொதுதான். சேரியில் நம்ம மாடனுக்குப் பீடம் கட்டினாலும் இதே மனு வரும். சண்டை ஏசுவுக்கும் பெருமாளுக்கும் இல்லை தோழர்களே, ஊருக்கும் சேரிக்கும்.

இந்த மண்ணுக்கு இது புதுசுமில்லை. சிவகாசி சிவன் கோயிலுக்குள் நாடார்கள் போகக் கூடாது என்ற பகைதான் 1899-ல் கலவரமாக வெடித்தது. கமுதி கோயில் வழக்கில் 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கத்தைச் சொல்லி அவர்களைத் தடுத்தது. அன்றைக்கு வழக்கம், இன்றைக்கு அமைதி.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் போர்ன் நகராட்சி, பழைய கட்டடப் பாதுகாப்பைச் சொல்லி ஒரு கத்தோலிக்கக் கோயிலை விரிவாக்க அனுமதி மறுத்தது. பேராயர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1997-ல் தோற்றார். 2000-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் கட்டட அனுமதிக்கென்றே புதுச் சட்டம் போட்டது. அங்கே பேராயர் இருந்தார். இங்கே வாரக்கூலி வாங்குகிறவள் மதுரை ஐகோர்ட்டுக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவாள்? மனுவில் பேர் போட்டால், 1950 குடியரசுத் தலைவர் ஆணையைக் காட்டிப் பிள்ளையின் எஸ்.சி. சான்றிதழுக்கே வேட்டு வைப்பான். சாமியை வைத்துக்கொள், இல்லை சான்றிதழை வைத்துக்கொள் என்பது எந்த ஊர்ச் சுதந்திரம்?

மதச் சுதந்திரம் பேசும் ஆயர்களையும் கேட்கிறேன்: எறையூரில் 2008-ல் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்களே, உங்கள் கோயிலுக்குள் அந்தச் சுதந்திரம் எங்கே போயிருந்தது?

கலெக்டர் பட்டாவைப் பார்க்கட்டும், கூரை உறுதியைப் பார்க்கட்டும். கலவரம் வரும் என்று மனுக் கொடுப்பவனுக்கு வேறு சட்டம் இருக்கிறது: பழைய 107, இப்போது 126. நம்ம பையன்கள் மேல் சட்டுனு போடுகிற அந்தப் பிரிவை அவன் மேல் போடு. அமைதி காப்பேன் என்ற ஜாமீன் அவனிடம் எழுதி வாங்கு.