தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளும் எஞ்சிய பிள்ளைகளும்



அரசுப் பள்ளிகளில் நன்கு படிக்கும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்பதாம் வகுப்பு முதல் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகளில் கட்டணமின்றிக் கற்பிக்கிறது தமிழ்நாடு அரசு. 2022 செப்டம்பர் 5 அன்று மட்டும் இத்தகைய 15 பள்ளிகள் தொடங்கப்பட்டன. இன்று அவை 38 மாவட்டங்களிலும் உள்ளன. ஐ.ஐ.டி., மருத்துவம் போன்ற உயர்படிப்புகளின் கதவை ஏழைப் பிள்ளைகளுக்குத் திறப்பதே நோக்கம். "பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா?" என்று நம் திண்டுக்கல் பெற்றோரும் கேட்கின்றனர்.

தயங்காமல் அனுப்புங்கள் என்பதே நம் பதில். அல்லாஹ் அளித்த அறிவாற்றல் ஓர் அமானிதம். அதனை வீணடிக்க நமக்கு உரிமையில்லை. கல்விக்கெனச் சிலர் தனியே செல்வதும் மார்க்கத்திற்குப் புதிதன்று. சமுதாயத்தில் ஒரு பிரிவினர் மார்க்க ஞானம் பெறுவதற்கென்றே இருக்க வேண்டும் என்கிறது தவ்பா அத்தியாயத்தின் 122ஆவது வசனம். ஆனால், கற்ற ஞானத்தைத் தம் மக்களுக்கு எடுத்துரைக்கும் கடமையையும் அதே வசனம் அவர்கள்மீது சுமத்துகிறது. உலகக் கல்விக்கும் இந்த நெறி பொருந்தும். திறமையாளரைத் தனியே பயிற்றுவிப்பதன் நியாயம், அவரால் மற்றவர் பெறும் பயனில்தான் இருக்கிறது.

ஆகவே, எஞ்சிய பிள்ளைகளின் நிலை என்ன என்று கேட்பதும் நம் கடமையாகிறது. வகுப்பின் முதல் மாணவன் வெளியேறும்போது, சந்தேகம் கேட்கும் தோழனை மற்ற மாணவர்கள் இழக்கின்றனர். மக்தபில் இதனை நாம் அன்றாடம் காண்கிறோம். விரைவாக ஓதும் பிள்ளையை அருகிலிருப்பவனின் பாடத்தைக் கேட்கச் செய்தால் இருவருமே தேறுகின்றனர்.

சாதாரணப் பள்ளி என்பது தாழ்ந்த பள்ளியன்று. 2023ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 600க்கு 600 பெற்ற மாணவி, நம் நகரின் அரசு உதவி பெறும் அண்ணாமலையார் ஆலைப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பயின்றவர். ஒரு தச்சரின் மகள். மகளை விடுதிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். விடுதி வேண்டாமெனில் உள்ளூர்ப் பள்ளி இருக்கிறது; படிப்பை நிறுத்துவதற்கு அது காரணமாகாது.

நம் மஹல்லாக்களின் நிலையையும் பார்ப்போம். தேர்வு முடிவு வந்ததும் முதல் மதிப்பெண் பெற்றவருக்குப் பொன்னாடை அணிவிக்கிறோம், பரிசு வழங்குகிறோம். எட்டாம் வகுப்பிலேயே கணக்குப் புரியாமல், பத்தாம் வகுப்போடு கடைவேலைக்குச் செல்லும் சிறுவனின் பெயர் எந்த ஜமாஅத் பதிவேட்டில் இருக்கிறது?

குறைஷித் தலைவர்களுடன் பேசிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்களிடம், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கல்வி வேண்டி வந்த நிகழ்வை நாம் அறிவோம். அப்பொழுது இறங்கிய அபஸ அத்தியாயம், செல்வாக்குடையோரைவிடத் தேடி வந்தவரே கவனத்திற்கு உரியவர் என்று உணர்த்தியது. பிற்காலத்தில் அதே நபித்தோழர் மதீனாவில் பாங்கு சொன்னார். நபியவர்கள் வெளியூர் சென்றபோது அந்நகரின் பொறுப்பையும் ஏற்றார்.

எனவே ஜமாஅத்துகள் பரிசுத் தொகையில் ஒரு பகுதியையேனும் மஃரிபுக்குப் பிந்தைய மாலை வகுப்புக்கு ஒதுக்கட்டும். அங்கே கணக்கும் ஆங்கிலமும் பின்தங்கிய பிள்ளைகளுக்கே முதலில் கற்பிக்கப்படட்டும். மாதிரிப் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லித்தரட்டும். அவர்கள் பெற்ற கல்விக்கு அதுவே ஸகாத் போன்றதாகும்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.